குடற்புழுவுக்கு மூலிகை உருண்டை மட்டும் போதுமா?

கேள்வி: 2023 அக்டோபர் 22

எங்களிடம் செம்மறியும் வெள்ளாடுமாக முப்பத்தைந்து உருப்படிகள் இருக்கின்றன. ஒவ்வொரு மழைக்காலத்திலும் இரண்டு மூன்று ஆடுகள் தாடை வீங்கிச் செத்துப்போகின்றன. கடையில் வாங்கும் பூச்சி மருந்தை மூன்று மாதத்துக்கு ஒரு முறை தவறாமல் ஊற்றியும் சாவு நிற்கவில்லை. அந்த மருந்தையே நிறுத்திவிட்டு, வேப்பிலை, வாழைத்தண்டு, பாகற்காய் சேர்த்து அரைத்த உருண்டையை மட்டும் கொடுத்தால் போதும் என்கிறார்கள். கொடுத்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்: போதுமா, போதாதா?

2023 அக்டோபர் 22, இரவு

போதும் என்பதே என் பதில். விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் காட்டில் எங்களுக்கு வேம்பூர்ச் செம்மறி ஆடுகள் நாற்பதும் கன்னி வெள்ளாடுகள் பதினைந்தும் இருக்கின்றன. வேம்பூர் ஆட்டை இங்கே பொட்டு ஆடு என்றுதான் சொல்வோம். ஆறு ஆண்டுகளாக நான் உருண்டைதான் கொடுத்து வருகிறேன். கடை மருந்தை அவசரத்துக்கு மட்டுமே தொட்டிருக்கிறேன்.

சீரகம் 15 கிராம், கடுகு 10 கிராம், மிளகு ஐந்து, மஞ்சள் தூள் 5 கிராம் எடுத்து இடித்துக்கொள்ள வேண்டும். பூண்டு ஐந்து பல், வேப்பிலையும் தும்பை இலையும் ஒவ்வொரு கைப்பிடி, வாழைத்தண்டு 100 கிராம், பாகற்காய் 50 கிராம் ஆகியவற்றை அதோடு சேர்த்து அம்மியில் அரைத்து, 150 கிராம் கருப்பட்டியில் பிசைந்து சிறு சிறு உருண்டைகளாக உருட்ட வேண்டும். ஒவ்வோர் உருண்டையையும் கல்லுப்பில் புரட்டி, ஆட்டின் வாயைப் பக்கவாட்டில் திறந்து நாக்கின் மேல் தேய்த்துவிட்டால் உப்புக்கும் இனிப்புக்கும் ஆசைப்பட்டு அது தானே விழுங்கிவிடும். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் மரபுவழி மூலிகை மருத்துவ ஆய்வாளர்கள் தொகுத்துப் பரப்பிய முறையை ஒட்டியே நான் இதைச் செய்கிறேன்.

2023 அக்டோபர் 24

மேலே சொன்ன அளவு ஓர் ஆட்டுக்கு என்று சிலர் எடுத்துக்கொண்டதாகத் தெரிகிறது. எங்கள் வீட்டில் அந்த விழுதை ஐந்து பெரிய ஆடுகளுக்குப் பகிர்ந்து கொடுப்போம். குட்டிகளுக்கு அதில் பாதிக்கும் குறைவாகத்தான் கொடுக்க வேண்டும். இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

2023 நவம்பர் 3

அரைத்த விழுதைத் தண்ணீரில் கரைத்து மூங்கில் குழாயில் ஊற்றலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஊற்றாதீர்கள். தலையை அண்ணாந்து பிடித்து அவசரமாக ஊற்றினால் மருந்து புரையேறி மூச்சுக்குழாய் வழியாக நுரையீரலுக்குப் போய்விடும். அன்று மாலை வரை ஆடு நன்றாகத்தான் இருக்கும். மறுநாள் மேய மறுத்து, மூக்கில் சளி வழிய, விலா அடித்துக்கொள்ளும். எங்கள் தொழுவத்தில் ஒரு கிடாய்க்குட்டி அப்படித்தான் போயிற்று. புழுவால் செத்தது என்றே பல நாள் நினைத்திருந்தேன். பிறகுதான் என் கைதான் அதைக் கொன்றது என்று புரிந்தது. தண்ணீராகத்தான் கொடுத்தாக வேண்டும் என்றால், ஆட்டின் மூக்கு அதன் கண்ணுக்கு மேலே உயராதபடி பிடித்து, கடைவாய் ஓரமாகச் சிறிது சிறிதாக விட்டு, அது விழுங்கிய பிறகு அடுத்த மடக்கைக் கொடுங்கள். கடை மருந்துக்கும் இதே முறைதான்.

2023 நவம்பர் 11

புழுக்கையோடு சேர்ந்து வெள்ளையாக, வெந்த அரிசியைப் போல வருவதைப் படமெடுத்துப் போட்டு, உருண்டை கொடுத்ததும் புழு வெளியேறியதற்கு இதுவே சாட்சி என்கிறார்கள். அவை நாடாப்புழுவின் கணுக்கள். மருந்து கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அந்தக் கணுக்கள் உதிர்ந்து வந்துகொண்டுதான் இருக்கும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிகளில் இது மிகுதி; கண்ணுக்குத் தெரிவதால் நம்மைப் பதறவைக்கிறதே தவிர, பெரும்பாலும் உயிரை எடுப்பதில்லை. உயிரை எடுக்கும் புழு புழுக்கையில் கண்ணுக்குத் தெரிவதில்லை.

2024 ஜனவரி 21

அக்டோபரில் நான் எழுதியதைத் திரும்பப் படித்தேன். அதைத் திருத்தாமல் விட்டால் என் சொல்லை நம்பி இன்னும் சில ஆடுகள் சாகும் என்பதால் இதை எழுதுகிறேன்.

டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டத்தில் பெய்த மழையை இங்கே யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. கொட்டியது. எங்கள் பக்கம் அவ்வளவு இல்லையென்றாலும் ஓடைகள் உடைத்துக்கொண்டு, கண்மாய்க் கரையெல்லாம் சேறாகி, பிறகு எங்கும் பச்சைப் பசேலென்று புல் எழுந்தது. கோடையில் காய்ந்த கட்டையைக் கடித்த ஆடுகள் ஆசையாக மேய்ந்தன. பார்ப்பதற்குச் சந்தோஷமாக இருந்தது. பொங்கலுக்கு நான்கு நாள் முன்னால், என் மகள் புட்டிப்பால் புகட்டி வளர்த்த பொட்டு ஆடு மந்தைக்குப் பின்னால் தங்க ஆரம்பித்தது. மாலையில் தாடைக்குக் கீழே நீர் கோத்து, தொட்டால் மெத்தென்று அமுங்கும் பை போலத் தொங்கியது. இரவெல்லாம் தலை நிமிர்ந்திருப்பதால் காலையில் வீக்கம் குறையும், மேய்ந்துவிட்டு வரும்போது கூடும். காலையில் குறைந்ததைப் பார்த்து உருண்டை கேட்கிறது என்று நம்பினேன். மூன்று நாள் கொடுத்தேன். நான்காம் நாள் விடியலில் அது எழவில்லை.

கால்நடை மருத்துவர் வந்து வயிற்றைத் திறந்து காட்டினார். நான்காம் இரைப்பையைக் கத்திரிக்கோலால் நீளவாக்கில் வெட்டி விரித்தபோது, உள்சுவர் முழுவதும் ஒன்றரை விரல்கடை நீளத்தில் நூல் நூலாக நெளிந்துகொண்டிருந்தது. ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்து வெயிலில் காட்டினார். சிவப்பு நூலும் வெள்ளை நூலும் சேர்த்து முறுக்கியதைப் போல இருந்தது: இரத்தம் நிறைந்த குடல் சிவப்பு, அதைச் சுற்றிப் பின்னியிருக்கும் கருப்பை வெள்ளை. இதற்கு ஹீமாங்கஸ் என்று பெயர். ஒரு புழு நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.05 மில்லி இரத்தத்தை இழுக்கும். ஆயிரம் புழு இருந்தால் 50 மில்லி. இருபத்தைந்து கிலோ ஆட்டின் உடம்பில் இருப்பதே ஒன்றரை லிட்டர் அளவுதான். ஒரு பெண் புழு ஒரே நாளில் ஐயாயிரத்துக்கு மேல் முட்டை இடக்கூடும். வெதுவெதுப்பும் ஈரமும் இருந்தால் ஒரு வாரத்துக்குள் அந்த முட்டை தொற்றக்கூடிய இளம்புழுவாகிப் புல்நுனியில் ஏறிவிடும். ஆட்டின் வயிற்றுக்குள் போன மூன்று வாரத்தில் அதுவும் முட்டையிடத் தொடங்கும். டிசம்பர் 18-ஐயும் பொங்கலையும் வைத்து நாள் எண்ணிப் பாருங்கள். கணக்குச் சரியாக வருகிறது.

போதும் என்று நான் எழுதியது தவறு. தாடை வீங்கிய ஆட்டுக்கு உருண்டை கொடுத்துக் காத்திருக்காதீர்கள். அந்த நிலையில் ஒரு நாள் தாமதமும் மிக அதிகம்.

2024 ஜனவரி 23

"அப்படியானால் ஆறு ஆண்டுகளாக உங்கள் ஆடுகள் எப்படிப் பிழைத்தன?" என்ற கேள்வி நியாயமானது. இரண்டு நாளாக இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நான் உருண்டை கொடுத்து வந்தது ஆண்டுதோறும் பொங்கல் முடிந்த பிறகுதான். வேலை ஓய்ந்திருக்கும், வாழைத்தண்டும் கிடைக்கும் என்பதே அதற்குக் காரணம். வடகிழக்குப் பருவமழை டிசம்பரோடு ஓய்ந்து, தை பிறந்ததும் எங்கள் கரிசல் மண் வெடிக்கத் தொடங்கும். ஈரம் போனால் புல்லில் இருக்கும் இளம்புழு காய்ந்து சாகிறது. புதிதாகப் புழு ஏறுவது நின்றதும் ஆடு மாசியில் தானாகவே தேறும். நான் உருண்டை கொடுத்தேன், ஆடு தேறியது. இரண்டையும் முடிச்சுப் போட்டுக்கொண்டேன். இந்த முறை மழை பிந்திப் பெய்து, பொங்கலிலும் தரை ஈரமாகவே இருந்ததால் அந்த முடிச்சு அவிழ்ந்துவிட்டது.

உருண்டைக்குப் பயனே இல்லை என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. பயன் உண்டு என்று நான் காட்டிய சாட்சி செல்லாது என்று மட்டுமே சொல்ல முடியும்.

2024 பிப்ரவரி 18

எண்ணிப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். பன்னிரண்டு செம்மறிகளைத் தனியாகப் பிரித்து, நான்குக்கு உருண்டையும் நான்குக்கு எடை பார்த்து, கடையில் கிடைக்கும் பூச்சி மருந்தான அல்பெண்டசோலும் கொடுத்தேன். மற்ற நான்குக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. கண் இமை வெளிறாத (இரத்தம் குறைந்தால் இமையின் உள்புறம் வெளிறும்), வாட்டமில்லாத ஆடுகளாகப் பார்த்துத்தான் எடுத்தேன். கொடுக்கும் நாளிலும் அதிலிருந்து பன்னிரண்டாம் நாளிலும் மலத்துவாரத்திலிருந்தே புழுக்கையை எடுத்து (தரையில் கிடப்பதை எடுத்தால் எந்த ஆட்டினது என்று தெரியாது), வெவ்வேறு பையில் பெயர் எழுதி, கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவில் முட்டை எண்ணச் சொல்லிக் கொடுத்தேன்.

எண்ணும் முறையை அருகிலிருந்து பார்த்தேன். புழுக்கையை நிறுத்து, உப்பு இனிமேல் கரையாது என்கிற அளவுக்கு உப்பைக் கரைத்த தண்ணீரில் பிசைந்து வடிகட்டி, கட்டம் கீறிய கண்ணாடிச் சில்லில் விட்டுச் சில நிமிடம் வைக்கிறார்கள். உப்புத் தண்ணீரின் கனத்தால் முட்டை மேலே மிதந்து வந்து மேல் கண்ணாடியின் அடிப்புறத்தில் ஒட்டுகிறது. நுண்ணோக்கியில் முட்டை வடிவில், உள்ளே திராட்சைக் கொத்தைப் போல அணுக்கள் தெரிகின்றன. கட்டத்துக்குள் இருப்பதை எண்ணிக் கணக்குப் போட்டால் ஒரு கிராம் புழுக்கைக்கு இத்தனை முட்டை என்று வருகிறது. வட்டப் புழுக்களில் பலவற்றின் முட்டை ஒன்றுபோலவே இருப்பதால், முட்டையைப் பார்த்து மட்டும் ஹீமாங்கஸ் என்று உறுதியாகச் சொல்லிவிட முடியாது என்பதையும் அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

உருண்டை தின்ற நான்குக்கும் ஒன்றும் கொடுக்காத நான்குக்கும் குறிப்பிடும்படியான வேறுபாடு தெரியவில்லை. நான் எதிர்பாராதது இன்னொன்று: அல்பெண்டசோல் கொடுத்த ஆடுகளிலும் முட்டை முழுதாகக் குறையவில்லை. செம்மறியில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்குமேல் குறைந்தால்தான் புழுவுக்கு அந்த மருந்து கேட்கிறது என்று பொருள். எங்கள் மந்தையில் அது அதற்கு வெகு தூரத்தில் நின்றது. பன்னிரண்டு ஆட்டை வைத்து ஊருக்கெல்லாம் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் கேள்வி கேட்டவர் மூன்று மாதத்துக்கு ஒரு முறை தவறாமல் ஊற்றியும் ஆடு சாகிறது என்று எழுதியிருந்தாரே, அதன் காரணம் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

2024 பிப்ரவரி 20

அதைச் சற்று விரித்துச் சொல்கிறேன். ஒரே மருந்தை எல்லா ஆட்டுக்கும் ஒரே நாளில், கண்மதிப்பில் எடை போட்டு ஊற்றிக்கொண்டே வந்தால், அந்த மருந்துக்குச் சாகாத புழு மட்டும் மிஞ்சுகிறது. அடுத்த தலைமுறை முழுவதும் அதன் பிள்ளைகள்தான். வெள்ளாட்டில் இது இன்னும் விரைவாக நடக்கிறது. வெள்ளாட்டின் உடம்பு இந்த மருந்துகளைச் செம்மறியைவிட வேகமாகச் சிதைத்து வெளியேற்றிவிடுவதால், செம்மறிக்குச் சொன்ன அளவையே அதற்கும் ஊற்றுவது புழுவுக்குப் பயிற்சி கொடுப்பதற்குச் சமம். அளவை மருத்துவரிடம் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். சினை பிடித்த முதல் மாதத்தில் அல்பெண்டசோல் கொடுத்தால் குட்டி ஊனமாகப் பிறக்கும் வாய்ப்பு உண்டு, அதையும் கேளுங்கள்.

எங்கள் மந்தையில் இமை வெளுத்த ஆடுகளுக்கு மட்டும் மருத்துவர் க்ளோசன்டெல் என்ற வேறொரு பூச்சி மருந்தைக் கொடுக்கச் சொன்னார். அந்த மருந்தைக் கொடுக்கும் முன்பு தராசில் நிறுத்தே ஆக வேண்டும். அளவு மிஞ்சினால் ஆட்டுக்குக் கண் போய்விடும்.

2024 மார்ச் 6

"மூலிகையே மோசடி என்று ஒப்புக்கொள்கிறீர்களா?" என்று கேட்டவருக்கு: ஒப்புக்கொள்ளவில்லை.

2015-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசின் ஒரு பாதி, ஆடு மாடுகளின் புழுவுக்கு நாம் போடும் ஐவர்மெக்டின் பிறக்கக் காரணமான வில்லியம் கேம்ப்பெல்லுக்கும் சத்தோஷி ஓமுராவுக்கும் போயிற்று. மறுபாதி, சீனத்து மரபு மருத்துவ ஏடுகளைப் புரட்டி ஒரு செடியிலிருந்து மலேரியாவுக்கு மருந்தெடுத்த தூ யூயூவுக்குப் போயிற்று. ஏட்டில் இருந்ததை அவர் அப்படியே நம்பிவிடவில்லை. கொதிக்கவைத்தால் சத்து அழிகிறது என்று கண்டுபிடித்துக் குறைந்த சூட்டில் பிரித்தெடுத்தார். நம் கைமருந்துக்கும் வேண்டியது அந்தப் பொறுமைதான்.

கொட்டைப்பாக்கில் இருக்கும் அரிகோலின், நாய்களின் நாடாப்புழுவை வெளியேற்ற நெடுங்காலம் மருத்துவர்களாலேயே பயன்படுத்தப்பட்டது. கபிலப்பொடி, வாய்விடங்கம், புரசம்விதை மூன்றும் நம் வைத்தியத்தில் புழுவுக்கென்றே பெயர் பெற்றவை. பப்பாளிப்பாலில் உள்ள நொதிகள் புழுவின் மேல்தோலையே அரிப்பதை ஆய்வுக்கூடத்தில் பார்த்திருக்கிறார்கள். சிக்கல் எங்கே வருகிறது என்றால், கண்ணாடிக் கிண்ணத்தில் முட்டையையும் இளம்புழுவையும் கொல்கிற சாறு, ஆட்டின் வயிற்றுக்குள் போனதும் அசைபோடும் முதல் இரைப்பையில் இருக்கும் பல லிட்டர் நீரில் நீர்த்துப்போகிறது. அங்கே வாழும் நுண்ணுயிர்கள் அதைச் சிதைக்கவும் செய்கின்றன. நான்காம் இரைப்பையை எட்டும்போது எவ்வளவு மிஞ்சும் என்பது செடி முளைத்த மண், பறித்த மாதம், உலர்த்திய விதம் எல்லாவற்றையும் பொறுத்தது. என் தோட்டத்து வேப்பிலைக்கும் உங்கள் வேப்பிலைக்கும் கசப்பு ஒன்றாகவா இருக்கிறது?

2024 மார்ச் 8

நச்சைப் பற்றி எழுதாமல் விட்டுவிட்டேன். ஆடுதின்னாப்பாளையை அரைத்துக் கொடுக்கலாம் என்று இதே இழையில் ஒருவர் சொல்லியிருக்கிறார். அதன் பெயரைச் சற்று நின்று படியுங்கள். எருக்கையும் கடிக்கிற வெள்ளாடு தொடாத செடி என்று கண்டு நம் முன்னோர் அதற்கு அந்தப் பெயரை இட்டிருக்கிறார்கள். அது புழுவைக் கொல்லும் என்பது உண்மையாக இருக்கலாம். அதிலுள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், புற்றுநோயையும் உண்டாக்கும் என்பது உலகம் முழுவதும் ஒப்புக்கொண்ட செய்தி. ஆடாதோடையின் பெயரையும் ஆடு தொடாத இலை என்றே எங்கள் ஊரில் பிரித்துச் சொல்வார்கள். உண்ணிக்கு மேலே பூச உண்ணிச்செடி இலையைச் சேர்க்கிறவர்கள், பூசிய ஆடு மேலை நக்காதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த இலை வயிற்றுக்குள் போனால் கல்லீரல் கெட்டு, வெயில் பட்ட இடத்தில் தோல் வெடிக்கும்.

தாமிர உப்பான மயில்துத்தத்தைக் கரைத்துக் கொடுப்பதும் பழைய வழக்கம்தான். ஒரு காலத்தில் வெளிநாட்டு மருத்துவர்களும் அதைக் கொடுத்தார்கள். செம்மறிக்குத் தாமிரம் ஆகாது. கல்லீரலில் சேர்ந்துகொண்டே போய் ஒரு நாள் திடீரென்று இரத்தம் உடைந்து, சிறுநீர் கருஞ்சிவப்பாக இறங்கிச் செத்துவிடும். புகையிலைத் தண்ணீரும் அப்படியே, பேனுக்கும் ஆட்டுக்கும் இடையில் அது வேறுபாடு பார்ப்பதில்லை. சீத்தா விதையை அரைத்துப் புண்ணில் இருக்கும் புழுவுக்கு வைப்பவர்கள், அது கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆட்டின் கண்ணுக்கும் உங்கள் கண்ணுக்கும் சேர்த்தே சொல்கிறேன். புண் புழுவுக்கு எங்கள் வீட்டில் கற்பூரத்தைத் தேங்காயெண்ணெயில் கரைத்து விட்டு, வெளியே நெளிந்து வரும் புழுவை இடுக்கியால் எடுத்து, மஞ்சளும் வேப்பெண்ணெயும் பூசுகிறோம். அதில் எனக்கு இன்றுவரை குறை தெரியவில்லை, ஏனென்றால் அங்கே மருந்து புழுவின் மேல் நேராகப் படுகிறது.

2024 ஏப்ரல் 14

சித்திரை முதல் நாள் என்பதால் பெரியப்பாவைப் பார்க்கப் போயிருந்தேன். எண்பது வயதைக் கடந்தவர். தாத்தாவோடு கிடை போட்டு ஊர் ஊராக நடந்தவர். "அந்தக் காலத்தில் புழுவுக்கு என்ன கொடுத்தீர்கள்?" என்று கேட்டேன். நான் எதிர்பார்த்தது ஒரு செடியின் பெயரை. அவர் சொன்னது இது: "கொடுக்கிறதுக்கு எங்கப்பா நேரம்? ஒரு புஞ்சையில ரெண்டு ராத்திரி, மூணு ராத்திரி. அப்புறம் அடுத்த புஞ்சை. மழை விழுந்தா மேட்டுக்குப் போயிருவோம். கண்மாய்க்குள்ள ஆட்டை இறக்க உங்க தாத்தா விடவே மாட்டார். பனி காயாம கிடையத் திறந்தா அடி விழும்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த வாக்கியங்களையே நினைத்துக்கொண்டு வந்தேன். முட்டை இளம்புழுவாவதற்குள் கிடை அடுத்த காட்டுக்குப் போய்விடுகிறது. திரும்பி அதே காட்டுக்கு வர மாதக்கணக்காகும். அதற்குள் புல்லில் ஏறிய இளம்புழு பெரும்பாலும் செத்திருக்கும். கண்மாய்க்குள் இறக்காததால், நத்தை வழியாகப் பரவுகிற ஈரல் தட்டைப்புழுவும் இரைப்பைத் தட்டைப்புழுவும் ஏறவில்லை. பனித்துளி ஈரத்தில்தான் இளம்புழு புல்மேல் ஏறும். வெயில் ஏறித் துளி காய்ந்தால் அடித்தூருக்கு இறங்கிவிடும். பசிபிக் கடலின் தோங்கா தீவில் 1990-களில் ஆராய்ச்சியாளர்கள் மேய்ச்சல் நிலத்தைப் பத்துப் பாத்தியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மூன்றரை நாள் மேய்த்து, ஒரு மாதம் ஓய்வு விட்டு, ஆடுகளின் புழுவைக் குறைத்துக் காட்டினார்கள். தாத்தா அதைப் பாத்தி கட்டாமல் செய்திருக்கிறார்.

நாங்கள் நிலத்துக்கு வேலி போட்டோம். தினமும் அதே பத்து ஏக்கருக்குள் ஓட்டுகிறோம். பள்ளிக்கூட வண்டிக்கு முன்னால் வேலையை முடிக்க வேண்டும் என்று காலை ஆறரைக்கே திறக்கிறோம். பெரியவர்களிடமிருந்து இலையை மட்டும் வாங்கிக்கொண்டு நடையை விட்டுவிட்டோம். அதற்கான விலையைத்தான் ஜனவரியில் கொடுத்தேன். எனக்கு இப்போது உறுதியாகத் தெரிவது இது ஒன்றுதான்.

2024 ஏப்ரல் 15

கன்னி ஆடுகளில் எனக்கு ஒரு சாவும் இல்லை என்பதை நேற்று எழுத மறந்தேன். அவை தலையைத் தூக்கி வேலிக்காலிலும் குடைவேலிலும் குழை கடிப்பவை. இளம்புழுவில் பெரும்பகுதி தரையிலிருந்து நாலைந்து விரல்கடை உயரத்துக்குள்ளேயே இருக்கும். மேலே கடிக்கிற வாய்க்கு அது எட்டாது. இதை வைத்து வெள்ளாடு புழுவைத் தாங்கும் என்று நினைத்துவிடாதீர்கள். புதர் இல்லாத இடத்தில் புல்லை மேயவிட்டால் செம்மறிக்கு முன்னால் அதுதான் விழும். அதன் உடம்புக்குப் புழுவை எதிர்க்கும் பழக்கம் குறைவு.

2024 மே 12

பெரியப்பா சொன்னதில் ஒரு மரத்தின் பெயர் இருந்தது, அதை விட்டுவிட்டேன். கோடையில் உதிரும் வேலங்காயைச் சாக்கில் கட்டி வைத்து, மழைக் காலத்தில் ஆட்டுக்கு ஒரு பிடி போடுவார்களாம். வேலங்காயில் துவர்ப்பு மிகுதி. அந்தத் துவர்ப்புச் சத்தான டானின், புழுவின் முட்டைபோடும் திறனைக் குறைப்பதும், தீனியிலுள்ள புரதத்தைக் காத்து ஆட்டுக்கு வலுவூட்டுவதும் பல நாடுகளில் பல தீவனச் செடிகளை வைத்து நடந்த ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. ஒரு நாள் மருந்தாக விழுங்குவதைவிட, மாதக்கணக்காகத் தீனியோடு தீனியாகப் போவதால் இது எனக்கு நம்பிக்கை அளிக்கிறது. அளவு மிஞ்சினால் ஆட்டுக்குப் பசி மந்தமாகும்; வயிறு கட்டும்.

2024 மே 13

வேலங்காய் என்று நான் எழுதியது நாட்டுக் கருவேலங்காயை. மணி கோத்ததைப் போல விதைக்கு விதை இடுங்கி, சாம்பல் பூத்து இருக்கும். கடித்தால் நாக்கு இழுத்துக்கொள்ளும். சீமைக்கருவேலங்காய் மஞ்சளாக, இனிப்பாக இருக்கும். அதை ஆடு விரும்பித் தின்னும். தீனியாக அது நல்லதுதான், ஆனால் நான் சொன்ன துவர்ப்பு அதில் இல்லை. இரண்டையும் குழப்பி எழுதியதற்கு வருந்துகிறேன்.

2024 ஆகஸ்ட் 4

குட்டிகளுக்கு இரத்தம் கலந்த கழிச்சல் வந்து, உருண்டையும் கேட்கவில்லை, பூச்சி மருந்தும் கேட்கவில்லை என்று எழுதியவருக்கு: ஒன்று முதல் ஆறு மாதக் குட்டி, ஈரமான பட்டி, நெருக்கடி ஆகிய மூன்றும் சேர்ந்தால் முதலில் காக்சிடியாவைச் சந்தேகியுங்கள். அது புழுவே இல்லை, ஓரணு உயிர். எந்தப் பூச்சி மருந்தும் அதைத் தொடாது. புழுக்கையைச் சோதித்துவிட்டு மருத்துவர் சொல்லும் மருந்தைக் கொடுங்கள். பட்டியில் சுண்ணாம்பு தூவிக் காயவிடுங்கள். குட்டிகளைப் பெரிய ஆடுகளிடமிருந்து பிரித்துக் கட்டுங்கள்.

2024 நவம்பர் 17

கேள்வி கேட்டவர் இந்த ஆண்டும் மழை தொடங்கிவிட்டதாகவும், என்ன செய்கிறீர்கள் என்றும் கேட்டிருக்கிறார்.

பதினைந்து நாளுக்கு ஒரு முறை, ஞாயிறு காலை பத்து மணிக்கு, பட்டி வாசலில் நிழல் விழாத இடத்தில் நின்றுகொண்டு ஒவ்வோர் ஆடாகப் பிடித்துக் கீழிமையை விரித்துப் பார்க்கிறோம். மேல் கட்டைவிரலால் இமையை மூடி மெல்ல அழுத்தி, கீழ் இமையை மற்றக் கட்டைவிரலால் இறக்கினால் உள்சவ்வு ஒரு நொடி வெளியே பிதுங்கும். அந்த ஒரு நொடியில் நிறத்தைப் பார்த்துவிட வேண்டும், நேரம் கடந்தால் சிவந்துவிடும். சிவப்பிலிருந்து வெள்ளை வரை ஐந்து படிகளாக நிறம் அச்சிட்ட அட்டை ஒன்று தென்னாப்பிரிக்காவில் உருவாக்கப்பட்டு உலகெங்கும் புழங்குகிறது. பாமாச்சா அட்டை என்பார்கள். நான்காம், ஐந்தாம் படியில் இருப்பவற்றுக்கு மட்டும் அன்றே மருந்து. மூன்றில் இருந்தால் அது குட்டியா, சினையா, பால் கொடுக்கிறதா என்று பார்த்து முடிவெடுக்கிறோம். மற்றவற்றுக்கு ஊற்றுவதில்லை. ஒரு மந்தையில் உள்ள புழுவில் பெரும்பகுதி சில ஆடுகளின் வயிற்றிலேயே குவிந்திருக்கும். அந்தச் சில ஆடுகளைக் கண்டுபிடிப்பதுதான் வேலை. மருந்து தொடாத புழுவும் கொஞ்சம் காட்டில் இருந்தால்தான் மருந்துக்குச் சாகிற இனம் அற்றுப்போகாது.

உருண்டையை நிறுத்தவில்லை. ஐப்பசியிலேயே, மழை தொடங்கும்போதே கொடுக்கிறேன். கழிச்சல் நின்று தீனி எடுப்பது கூடுவதைப் பார்க்கிறேன். இரத்தம் குறைந்த ஆட்டுக்கு அதை மருந்தென்று இனி நம்பமாட்டேன். பத்து ஏக்கரை ஆறாகப் பிரித்துக் கயிறு கட்டியிருக்கிறோம், எட்டாவது நாள் அடுத்த பாத்தி. ஐந்து நாளுக்குள் மாற்றுவதே சரி, ஆள் பற்றவில்லை. காலையில் எட்டரைக்குத்தான் திறக்கிறோம், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய பிறகு.

இன்று பார்த்ததில் இரண்டு ஆடுகள் நான்காம் படியில் இருந்தன. இரண்டுமே போன மாதம் ஈன்றவை. நிறுத்து மருந்து கொடுத்து, காதில் நீலச் சாயம் வைத்திருக்கிறோம். கோடையில் கட்டிய கருவேலங்காய்ச் சாக்கை என் மகள் பிரித்திருக்கிறாள். பாதி காயில் வண்டு விழுந்திருக்கிறது. அடுத்த ஆண்டு வேப்பிலை போட்டு, வெயிலில் இன்னும் நன்றாகக் காயவைத்துக் கட்ட வேண்டும். அந்த இரண்டு ஆடுகளின் புழுக்கையை 29-ஆம் தேதி சோதனைக்குக் கொண்டுபோகிறேன். எண்ணிக்கை வந்ததும் இங்கே எழுதுகிறேன்.